உங்களுக்குத் தெரியுமா? – நிற்கிற வண்டியின் டயர்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம். காரைக்காலில் அரசலாற்று முகத்துவாரத்தை ஒட்டிய மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். இன்ஜின் வேலை, பலகை மாற்றுவது, பெயிண்ட் அடிப்பது என்று படகுக்கு எல்லா வைத்தியமும் நடக்கும். அந்தப் படகுகளை நம்பி ஓடிய மீன் வண்டி, ஐஸ் வண்டி, டிராக்டர், டிரெய்லர் எல்லாம் கத்திரி வெயிலில் அப்படியே நிற்கும். ‘ஓடவே இல்லையே, டயருக்கு என்ன கேடு வந்துவிடப் போகிறது’ என்பது பொதுவான நினைப்பு. அந்த நினைப்புக்காகவே இந்த வாரத் துணுக்குகள்.

● தடைக்காலம் தொடங்கிய நாலாம் நாள் வாக்கில் காரைக்காலில் நிழல் காணாமல் போகும். ஊர் இருப்பது வடக்கே ஏறத்தாழ 10.9 டிகிரி அட்சத்தில். ஏப்ரல் 18, 19 வாக்கில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வரும். கொடிக்கம்பத்தின் நிழல் கம்பத்தின் காலடியிலேயே ஒடுங்கிவிடும். இன்னொரு முறை ஆகஸ்ட் 24, 25 வாக்கில் இதே கதை. சூரியன் உச்சிக்கு வர வர, காற்று மண்டலத்தைக் கடந்து புற ஊதாக் கதிர் தரைக்கு வந்து சேரும் தூரம் குறையும், உறைப்பு கூடும். வண்டியை நிறுத்திப் போடும் நாளும் வெயில் உச்சம் தொடும் நாளும் இந்த ஊரில் கைகோத்துக்கொண்டு வருகின்றன.

● ‘மட்கார்டு நிழலில்தானே டயர் இருக்கிறது’ என்று சமாதானம் சொல்ல முடியாது. காய்ந்த கடற்கரை மணல் தன்மேல் விழும் புற ஊதாக் கதிரில் ஏறத்தாழ 15 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும்; அலை நுரை 25 சதவீதம் வரை. காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி மணலில் நிற்கும் வண்டிக்குக் கீழிருந்தும் வெயில் அடிக்கிறது.

● ஓடித் தேயும் டயரைவிட நின்று கெடும் டயர்தான் ஏமாற்றும். டயர் ரப்பரைப் பிசையும்போதே அதில் ஒருவகை மெழுகையும், ஓசோனைத் தடுக்கும் மருந்தையும் சேர்த்துவிடுவார்கள். இவை உள்ளிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து வெளித்தோலில் ஒரு மெல்லிய படலமாகப் படியும். வெயிலும் காற்றும் முதலில் மோதுவது அந்தப் படலத்தின் மேல்தான். டயர் உருண்டு, பாரத்தில் அமுங்கி, மறுபடி எழும்போது இந்தக் கசிவு நன்றாக நடக்கும் என்று டயர் கம்பெனிகளே சொல்கின்றன. இரண்டு மாதம் ஒரே இடத்தில் நின்றால் பழைய படலம் தீர்ந்துகொண்டே வரும், புதிது மெதுவாகத்தான் வரும். ஆகவே தடைக்காலத்திலும் வாரம் ஒருமுறை வண்டியை எடுத்துத் திருநள்ளாறு வரை போய் வந்துவிடுவது நல்லது. சனி பகவானுக்கு ஒரு கும்பிடு, டயருக்கு ஒரு மருந்து. பெட்ரோல் செலவு ஒன்றுதான்.

● சில டயர்களின் பக்கவாட்டில் செம்பழுப்பாக ஒரு பூச்சு தெரியும். சேறு என்று நினைத்து பிரஷ் போட்டுத் தேய்ப்பார்கள். பெரும்பாலும் அது மேலே சொன்ன தடுப்பு மருந்துதான், வெளியே வந்து காற்றில் நிறம் மாறியிருக்கிறது. அசிங்கமாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். ஆனால் இந்த மருந்துக்கு வேறொரு முகமும் உண்டு. அது ஓசோனோடு சேர்ந்து உருவாகும் ஒரு பொருள் மழைநீரோடு ஓடைகளில் கலந்து அமெரிக்க மேற்குக் கரையில் கோஹோ சால்மன் மீன்களைக் கொல்கிறது என்று 2020 டிசம்பரில் கண்டுபிடித்துச் சொன்னார்கள். மாற்று மருந்துக்கான தேடல் நடக்கிறது.

● டயரில் வரும் நுண்ணிய வெடிப்புக்கு வெயில் மட்டும் காரணமில்லை, ஓசோனும் பங்காளி. வானத்தில் மிக உயரத்தில் இருந்து நம்மைக் காக்கும் அதே ஓசோன், தரையில் ரப்பருக்கு எமன். பத்துக் கோடிப் பங்கு காற்றில் ஒரு சில பங்கு இருந்தால் போதும், வேலையைக் காட்டிவிடும். ஒரு விசித்திரம்: இழுபட்டு நிற்கும் ரப்பரில்தான் ஓசோன் வெடிப்பு விடும். தளர்ந்து கிடக்கும் ரப்பரில் விடாது. வெடிப்பும் இழுக்கும் திசைக்குக் குறுக்காகத்தான் ஓடும். பாரத்தோடு, காற்றுக் குறைந்து, பக்கச்சுவர் பிதுங்கி நிற்கும் டயரில் அந்தப் பிதுங்கிய இடத்தைப் பாருங்கள். கோடுகள் அங்கேதான் முதலில் தலைகாட்டும்.

1950களில் லாஸ் ஏஞ்சலஸ் நகரின் புகைமூட்டத்தை ஆராய்ந்த ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலர், வளைத்துக் கட்டிய ரப்பர் துண்டுகளை வெளியே வைத்து, அவை வெடிக்க எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்துக் காற்றில் உள்ள ஓசோனை அளந்தார். அந்த ஊரில் டயர்கள் சீக்கிரம் வெடிப்பு விட்டதற்கான காரணமும் அப்போதுதான் துலங்கியது.

● ஸ்டெப்னியை வெல்டிங் பட்டறைக்குள் போட்டு வைப்பவர்கள் கவனிக்க: வெல்டிங் பொறியிலும் மோட்டார் பிரஷ்ஷில் தெறிக்கும் தீப்பொறியிலும் ஓசோன் உண்டாகும். நிழலாக இருக்கிறது என்று ஜெனரேட்டர் அறையில் டயரை அடுக்குவதும் இதே ரகம்தான்.

● டயர் ஏன் கறுப்பு? அழுக்குத் தெரியாமல் இருக்க அல்ல. ரப்பரின் இயல்பு நிறம் வெளிறிய பழுப்பு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை டயர்கள் அந்த வெளிர் நிறத்தில்தான் ஓடின. 1898இல் விளம்பரத்துக்கு வந்த பிரெஞ்சுக் கம்பெனி மிஷலினின் ‘டயர் மனிதன்’ இன்றும் வெள்ளையாக இருப்பது அந்தக் காலத்தின் மிச்சம். பிறகு ரப்பரோடு கார்பன் கரியைக் கலந்தால் தேய்மானம் வெகுவாகக் குறைகிறது என்று தெரிந்தது. புற ஊதாக் கதிரைத் தானே விழுங்கி ரப்பரைக் காப்பதும் அந்தக் கரிதான். சாதாரண டயரின் எடையில் ஏறத்தாழ கால் பங்கு கரி. காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது 1739இல். நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது 1954 நவம்பர் 1ஆம் தேதி. வெள்ளை டயர், கறுப்பு டயர் இரண்டையுமே பிரெஞ்சு ஆட்சியிலேயே பார்த்திருக்கக்கூடிய ஊர் இது.

● உப்புத் தண்ணி ரப்பரை அரிக்கும் என்பது கரையோர நம்பிக்கை. உண்மையில் உப்பு பிடிப்பது இரும்பை. ரிம், நட்டு, வால்வின் உலோகப் பகுதி, ரேடியல் டயருக்குள் இருக்கும் எஃகுக் கம்பி இவைதான் அதன் இரை. டயரில் ஆழமாக ஒரு கிழிசல் விழுந்து கம்பி தெரிந்தால் உப்பு உள்ளே புகுந்து துருவை வளர்க்கும். வெளியே தரையில் உரசும் பட்டன் அப்படியே இருக்க, உள்ளே பிடிமானம் போய்விடும்.

ரப்பரின் நெருங்கிய உறவான கட்டாபெர்ச்சா என்ற மரப்பாலைப் பூசித்தான் அந்தக் காலத்துக் கடலடித் தந்திக் கம்பிகளைச் செய்தார்கள். 1870-71இல் சென்னையிலிருந்து பினாங்குக்குப் போட்ட கம்பியும் அப்படித்தான் கடலுக்குள் இறங்கியது. வெளியே வெயிலில் வைத்தால் சில காலத்திலேயே நொறுங்கிப் போகும் பொருள், இருட்டும் குளிருமான கடலடியில் பல பத்தாண்டு தாங்கியது.

இதன் மறுபக்கத்தை அமெரிக்கா பார்த்தது. புளோரிடாவில் 1970களில் மீன் பெருகட்டும் என்று பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பழைய டயர்களைக் கட்டுக்கட்டாகக் கடலில் போட்டார்கள். கட்டியிருந்த பட்டைகள் அறுந்தன. டயர்கள் அப்படியே இருந்தன. உருண்டுபோய் பக்கத்திலிருந்த பவளப்பாறையில் மோதின. 2007 முதல் ராணுவ முக்குளிப்பவர்களை விட்டு அள்ள வேண்டியதாயிற்று. கடல் டயரைத் தின்றுவிடும் என்று நம்பிக் கரையில் எறிபவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

● உப்பு ரப்பரை அரிக்காது என்றால் வண்டியை ஏன் கழுவ வேண்டும்? ரிம்முக்காக. மீன் பெட்டியிலிருந்து ஒழுகும் ஐஸ் தண்ணியும் உப்புத் தண்ணிதான். ரிம்மின் உள்விளிம்பில் தேங்கி, டயர் உட்காரும் இடத்தில் துரு செதில் செதிலாக எழும்பும். டியூப் இல்லாத டயரில் காற்று மெல்ல இறங்குவது பெரும்பாலும் அங்கேதான். பஞ்சர் கடைக்காரர் தண்ணித் தொட்டியில் முக்கி முக்கித் தேடினாலும் பட்டனில் ஓட்டை இருக்காது, விளிம்போரமாகக் குமிழி வரும். கழுவுவதும் நல்ல தண்ணியில் நடக்க வேண்டும். கடலோரத்தில் பல இடங்களில் போர் தண்ணியே கரிக்கும். அதில் கழுவினால் உப்பை உப்பால் கழுவிய கதை.

● படகை இறக்கவும் ஏற்றவும் டிராக்டரையோ டிரெய்லரையோ அலைக்குள் விடும்போது கண்ணுக்குத் தெரியாமல் ஒன்று நடக்கிறது. ஓடி வந்த வண்டியின் சக்கரக் குடம் சூடாக இருக்கும். சட்டென்று தண்ணிக்குள் போனதும் உள்ளிருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கும். அந்த வெற்றிடத்தை நிரப்ப, சீல் வழியாகக் கடல் தண்ணி உள்ளே இழுபடும். கிரீஸ் பால்போல் வெளுத்துவிடும், பேரிங் துருப்பிடிக்கும், பிறகு சக்கரம் கத்தும். கெட்ட பேரிங்கின் சூடு ரிம் வழியாக டயருக்கும் போகும். வந்ததும் இறக்காமல் கொஞ்ச நேரம் ஆறவிடுவதும், சீசன் முடிந்ததும் பழைய கிரீஸை எடுத்துவிட்டுப் புதிது வைப்பதும் கைக்காசு மிச்சப்படுத்தும் வேலை.

● பல டிராக்டர்களின் பெரிய பின் டயரில் காற்றைவிடத் தண்ணி அதிகம். பிடிமானத்துக்காக முக்கால் பாகம் வரை தண்ணி நிரப்பி மேலே காற்று அடிப்பார்கள். அடிக்கும்போது வால்வு மேல்பக்கம் இருக்க வேண்டும். தண்ணி நிரப்பிய டயரில் காற்றுக்கு மிஞ்சுவது சின்ன இடம்தான். கொஞ்சம் காற்றுப் போனாலும் அழுத்தம் சட்டென்று இறங்கிவிடும். அப்படி இறங்கிய டயரோடு இரண்டு மாதம் நிறுத்தினால் பக்கச்சுவர் மடிந்த இடத்தில் கோடு விழும்.

● ‘வெயில் காலம், டயர் வெடிச்சுடும், காத்தைக் குறைச்சு வை.’ இந்த அறிவுரையை எல்லா ஊரிலும் கேட்கலாம், தலைகீழான அறிவுரை. வெப்பம் 5, 6 டிகிரி செல்சியஸ் ஏறினால் அழுத்தம் ஏறத்தாழ 2 சதவீதம் ஏறும். அந்த ஏற்றத்தைத் தாங்கும் விதமாகத்தான் டயர் செய்யப்படுகிறது. காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி எழும். மடங்கல்தான் சூட்டைப் பெருக்கும். மே மாதத்தில் நாகப்பட்டினம் சாலையில் வெடிக்கும் டயர்களைக் கேட்டுப் பார்த்தால், அதிகக் காற்றால் போனதைவிடக் குறைந்த காற்றால் போனதே அதிகம் என்பார் எந்த பஞ்சர் கடைக்காரரும். அழுத்தத்தைக் காலையில், வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். நின்றே கிடந்தாலும் மாதத்துக்கு ஒன்றிரண்டு பவுண்டு தானாக இறங்கும்.

● நைட்ரஜன் காற்று அடிக்கலாமா? நாம் மூச்சு விடும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். மிச்சமுள்ள ஆக்சிஜன் டயரை உள்ளிருந்து மூப்படையச் செய்கிறது என்பது உண்மை. சுத்த நைட்ரஜன் அதைக் குறைக்கும். இலவசமாகக் கிடைத்தால் அடித்துக்கொள்ளுங்கள். காசு கொடுத்து அடித்துவிட்டு, மூன்று மாதம் அழுத்தம் பார்க்காமல் இருப்பதுதான் வீண்.

● ரப்பர் பொருள்களைச் சேமித்து வைக்க ஐ.எஸ்.ஓ. 2230 என்று ஒரு பன்னாட்டு வழிகாட்டு நெறி இருக்கிறது. 25 டிகிரிக்குக் கீழே, வெயில் படாமல், ஓசோன் உண்டாக்கும் கருவிகள் அருகில் இல்லாமல் வை என்கிறது. காரைக்காலில் மே மாதத்து நள்ளிரவில்கூட அந்த 25ஐப் பார்ப்பது அரிது. வேதியியலில் ஒரு தோராயக் கணக்கு உண்டு: வெப்பம் 10 டிகிரி கூடினால் பல வேதிவினைகள் இருமடங்கு வேகமாகும். வெயிலில் நிற்கும் கறுப்பு டயரின் மேல்தோல் 55 டிகிரிக்குப் போனால், 25 டிகிரிக் கிடங்கில் இருப்பதைப்போல எட்டு மடங்கு வேகத்தில் மூப்படையும் என்று ஆகிறது. குளிர்சாதன அறை கட்ட முடியாது. 55ஐ 40க்குக் கொண்டுவரலாம். அதற்கு வேண்டியது நிழல்.

● நிழலுக்கு எது நல்லது? கறுப்புத் தார்ப்பாயை டயரோடு ஒட்டி இறுக்கிக் கட்டுவது பலரின் பழக்கம். அது வெயிலை மறைக்கும், வெப்பத்தைப் பிடித்து வைக்கும், கடல் காற்றின் ஈரத்தையும் உள்ளே பூட்டிவிடும். இந்த இடத்தில் என் ஓட்டு தென்னங்கீற்றுக்கு. முடைந்த கீற்றைச் சக்கரத்தின்மேல் சாய்த்து வைத்தால் வெயில் மறையும், காற்று ஊடுருவும், செலவும் சொற்பம். கிடைக்காவிட்டால் வெளிர் நிறப் பாலித்தீன் சாக்கைப் பிரித்து, டயரைத் தொடாமல் ஒரு சாண் இடைவெளி விட்டு மறைக்கலாம். மேற்குப் பக்கத்தை முதலில் மறையுங்கள். மத்தியானம் கடல் காற்று வந்தாலும் வெயில் அந்தப் பக்கம்தான் சாயும்; ஒரே வண்டியின் இரண்டு பக்க டயரும் ஒரே மாதிரி கெடுவதில்லை என்பதற்கு இது ஒரு காரணம்.

● நின்ற இடத்திலேயே டயர் தட்டையாகும். ‘நைலான் டயர்’ என்று கடையில் சொல்லும் பழைய ரகத்தில் இது இன்னும் அதிகம். இராத்திரி முழுக்க நின்ற லாரி காலையில் முதல் ஒரு கிலோமீட்டர் தடதடத்துவிட்டுப் பிறகு சரியாவதை ஓட்டுநர்கள் அறிவார்கள்; நைலான் சூடானதும் பழைய வட்டத்துக்குத் திரும்பிவிடும். இரண்டு மாதம் நின்றால் திரும்பாமலும் போகலாம். காலி டிரெய்லர் என்றால் அச்சுக்குக் கீழே கட்டை கொடுத்துச் சக்கரத்தைத் தரையிலிருந்து எழுப்பிவிடுங்கள். முடியாவிட்டால் பாரத்தையாவது இறக்குங்கள், பலகைமேல் ஏற்றி நிறுத்துங்கள், பத்து நாளுக்கு ஒருமுறை கால் சுற்று உருட்டுங்கள். ஈர மணலில் நேரடியாக நிறுத்துவதும், டீசல் சிந்திய தரையில் நிறுத்துவதும் கூடாது.

● டீசல் என்றதும் நினைவு வருகிறது. வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் டயர் பளபளக்க டீசலோ மண்ணெண்ணெயோ கலந்து பீய்ச்சும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. ஆயுத பூஜைக்கு முன் வாரம் அது உச்சத்தில் இருக்கும். பெட்ரோலிய எண்ணெய் ரப்பரை ஊதவைக்கும், தளர்த்தும், உள்ளிருக்கும் மெழுகையும் கரைத்து எடுத்துவிடும். அன்றைக்கு டயர் புதிதுபோல் தெரியும். கோடையில் வெடிப்பு விடும். சந்தனம், குங்குமம், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் எதுவும் டயரைக் கெடுக்காது. சோப்புத் தண்ணியே போதும்.

● டயரின் பிறந்த தேதி அதன் பக்கச்சுவரிலேயே இருக்கிறது. நீள்வட்டக் கட்டத்துக்குள் நாலு எண்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். கடையில் ‘புது டயர்’ என்று கொடுப்பது மூன்று வருடம் கிடங்கில் கிடந்ததாகவும் இருக்கலாம். வாங்குமுன் கட்டத்தைப் பாருங்கள். ஐந்து வருடம் ஆனதும் வருடாவருடம் சோதிக்கவும், பட்டன் எவ்வளவு இருந்தாலும் பத்து வருடத்தில் கழற்றிவிடவும் மிஷலின் போன்ற கம்பெனிகள் சொல்கின்றன. மொட்டை டயரை எல்லோரும் கண்டுபிடித்துவிடுவார்கள். பட்டன் நிறைய இருந்தும் வயதான டயர்தான் ஆளை ஏமாற்றும்; கொஞ்சம் ஓடி நிறைய நிற்கும் டிரெய்லரில் இருப்பது பெரும்பாலும் அதுதான்.

ரீட்ரெட் செய்த டயருக்கும் இது பொருந்தும். மேலே ஒட்டும் பட்டன் புதிது. பக்கச்சுவரின் வயது பழையதுதான்.

● சென்னை திருவொற்றியூரில் 1946இல் மாம்மன் மாப்பிள்ளை தொடங்கியது டயர் கம்பெனி அல்ல. விளையாட்டு பலூன் செய்யும் சின்னக் கொட்டகை. எம்.ஆர்.எப். டயருக்கு வந்தது 1961இல். பலூனும் டயரும் வெயிலில் கெடுவது ஒரே வேதியியலால்தான்; பலூனில் கரி இல்லை, அதனால் சில நாளிலேயே கதை முடிந்துவிடுகிறது.

● காற்றே இல்லாத டயரும் உண்டு. துறைமுகங்களில் சரக்கு தூக்கும் போர்க்லிப்டுகளில் ஓடும் கெட்டி ரப்பர் டயர். பஞ்சரும் கிடையாது, அழுத்தம் பார்க்கும் வேலையும் கிடையாது. அவற்றை அதிகம் செய்து உலகுக்கு அனுப்பும் நாடுகளில் ஒன்று நமக்கு எதிர்க்கரை இலங்கை. பிரேசிலிலிருந்து 1876இல் விக்காம் என்பவர் கொண்டுபோன ரப்பர் விதைகளில் முளைத்த கன்றுகள் அதே ஆண்டில் இலங்கையின் ஹெனரத்கொடை தோட்டத்தில் வந்து இறங்கின.

● படகின் விலாவில் தொங்கவிடும் பழைய டயர், கொட்டகை ஓரம் அடுக்கிய டயர், கூரைமேல் பாரத்துக்கு வைத்த டயர் எல்லாவற்றிலும் ஐப்பசி மழைத் தண்ணி தேங்கும். டயரின் வளைவு அப்படி, எப்படிப் புரட்டினாலும் கொஞ்சம் மிச்சமிருக்கும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. முட்டைகள் தண்ணி இல்லாமலே மாதக்கணக்கில் தாங்கும்; மழை வந்ததும் பொரியும். ஆசியப் புலிக்கொசு இப்படித்தான் பழைய டயர்களுக்குள் கப்பலேறி 1985இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் போய்ப் பரவியிருந்தது தெரியவந்தது. தொங்கவிடும் டயரின் அடிப்பக்கத்தில் இரண்டு மூன்று துளை போட்டுவிட்டால் தண்ணி நிற்காது. அரை மணி நேர வேலை.

● போகிக்குப் பழைய டயரை எரிக்காதீர்கள் என்று வருடாவருடம் சொல்கிறார்கள். கறுப்புப் புகையில் போவது மேலே சொன்ன கரியோடு டயரில் உள்ள எண்ணெய், கந்தகம் எல்லாம் சேர்ந்ததுதான். பழைய டயர் எடுப்பவரிடம் போட்டால் பத்து ரூபாயாவது வரும்.

● புயல் எச்சரிக்கை வந்ததும் அரக்கோணத்திலிருந்து தேசிய பேரிடர் மீட்புப் படையின் 4ஆவது பட்டாலியன் குழுக்கள் ரப்பர் படகுகளோடு டெல்டா கடற்கரைக்குக் கிளம்பும். 2018 நவம்பர் 16 கஜா, 2020 நவம்பர் 25 இரவு நிவர் இரண்டின்போதும் கிளம்பின. அந்த மாதிரி நேரத்தில் ஊர்க்காரர்களும் தங்கள் பைபர் படகுகளை டிராக்டர் வைத்து மேட்டுக்கு இழுப்பார்கள். வருடத்தில் ஒரே ஒரு ராத்திரிக்கு வேண்டிய வண்டி, மற்ற நாளெல்லாம் வெயிலில் நின்ற வண்டி. புரட்டாசி முடிவதற்குள் அதன் டயரை ஒருமுறை பாருங்கள். பக்கச்சுவரைக் கட்டைவிரலால் அழுத்தி, வெடிப்பு எவ்வளவு ஆழம் என்று கவனியுங்கள். மயிரிழைக் கோடுகள் என்றால் பயமில்லை, கணக்கில் வைத்துக்கொள்ளலாம். கோட்டுக்குள் நூல் தெரிந்தாலோ, எங்காவது புடைத்திருந்தாலோ அந்த டயரைக் கழற்றிவிட வேண்டியதுதான்.

● கடைசியாக ஸ்டெப்னி. ஒரு கிலோமீட்டர்கூட ஓடாமல், வண்டியின் அடியில் உப்புக் காற்றை வாங்கிக்கொண்டு, எல்லா டயரையும்போல வயதாகிக்கொண்டிருக்கும். பி.ஒய். 02 என்று காரைக்கால் எண் போட்ட ஒரு பழைய மீன் வண்டியில் நாலு டயரும் மூன்று முறை மாறியிருக்கும். ஸ்டெப்னி மட்டும் ஷோரூமிலிருந்து வந்ததாகவே இருக்கும். நாளைக் காலையில் குனிந்து அந்த நாலு எண்ணைப் படித்துவிடுங்கள். காற்றையும் பாருங்கள்.